கண்டம் முடியும் இடம்

கடலடியைத் துளைத்த குழாயில் பாறை வருகிறது என்றதும் கப்பலில் பாதிப் பேர் மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். பாறையைப் பார்க்க அல்ல, எங்களைப் பார்க்க.

என் வீட்டுக்காரரும் நானும் ஒரே துறை. ஒரு கண்டம் இழுபட்டு, மெலிந்து, இரண்டாகக் கிழிந்து, நடுவே கடல் புகுந்த கதையைத்தான் இருவரும் ஆராய்கிறோம். பிளந்த விளிம்பு சூடு ஆறி, சத்தமில்லாமல் அமிழ்ந்து, மேலே சேறு மூடிக் கிடக்கிறது. கதையில் இதுவரை எங்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை, கண்டம் எதுவரை என்பதில். இந்தச் சேற்றுக்கு அடியில் இருப்பது கண்டத்தின் கிரானைட் என்பது என் கட்சி. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புக் கடல்தரை என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பாட்டு.

கப்பல் ஏறும்போது பந்தயம் கட்டினோம். தோற்றவர் கப்பல் வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு இருந்து மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாளும் அவளை வளர்த்தது என் நாத்தனார்.

விஷயம் தெரிந்த சமையல்காரர் எங்கள் இருவர் மேலும் பரிதாபப்பட்டார்.

இன்று காலை வீட்டுக்குப் பேசினோம். மகள்தான் போனை எடுத்தாள். "அத்தை, யாரோ பேசுறாங்க" என்று கத்திவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சிக்னல் சரியில்லை என்றார் அவர். ஆமாம் என்றேன்.

துளையிடுபவர் குழாயைத் தட்டிக் கல்லை வெளியே எடுத்தார்.

பச்சை. சோப்புக்கட்டி போல வழவழப்பு. கிரானைட் இல்லை, கறுப்பும் இல்லை. இழுத்த இழுப்பில் கண்டம் ஒன்றுமில்லாமல் போய், எரிமலைக் குழம்பும் பொங்காமல், பூமியின் அடிவயிற்றுப் பாறையே மேலே வந்து நின்றிருக்கிறது. முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்குக்கூட அது இரண்டில் எதுவும் இல்லை என்று தெரியும்.

நான் முந்திக்கொண்டேன். "கடல்தரைதான். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அவர் லென்ஸைக் கண்ணில்கூட வைக்கவில்லை. "நல்லாப் பாரு. சுத்தமான கிரானைட். நான்தான் தோத்துட்டேன்."

துளையிடுபவர் பச்சைக் கல்லையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு ஆச்சரியமில்லை. காலையில் போன் பேசி முடித்த கையோடு என் பெட்டியைக் கட்டி, கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கப் போனேன்.

இடமில்லை. அவர் பெட்டி இருந்தது.