போறேன்

"போறேன்க்கா."

சலவைக்கூடத்தின் மேற்பார்வை அக்காவுக்குச் சுருக்கென்றது. அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் இதே பேச்சுதான். ஏப்ரனைக் கழற்றி மாட்டுவான், அபசகுனமாக ஒரு 'போறேன்' சொல்வான்.

"நாக்குல சனி உக்காந்திருக்கா? போயிட்டு வரேன்னு சொல்லேன்டா. வாயா வலிக்கும்?"

அவன் சிரித்து மழுப்பினான். போர் துரத்தி இந்த நாட்டுக்கு வந்தவன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடிக்கிற வேலை. "சாப்பிட்டீங்களாக்கா?", "கை சுட்டுடப் போகுது, பாத்து" என்று மற்ற பேச்செல்லாம் பதமாகத்தான் வரும். ஆனால் யாரோடும் ஒட்டமாட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவான்.

மத்தியானம் போன் வந்தால் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, "சீக்கிரம்... சீக்கிரம்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். எவனோ கூட்டாளியோடு வேறு இடம் பார்க்கிறான் என்று அக்கா முடிவே கட்டியிருந்தாள்.

முதலாளியும் அன்று அங்கேதான் நின்றார். "இவனை நிரந்தரமாக்கிடலாமா?"

"கால் பாவாதவன் சார். தினமும் போறேன் போறேன்னா, ஒருநாள் போயே போயிடுவான். அப்புறம் நாமதான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

"அப்போ வேற ஆளைப் பாரு." முதலாளி போய்விட்டார்.

அவன் முகம் வெளிறிப் போனது. "அக்கா, இந்த வேலையை மட்டும் எடுத்துடாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்காவுக்கே பாவமாகிவிட்டது. வாய் நீளமே தவிர கல்மனசுக்காரி அல்ல அவள்.

"சரி, ஒரே வார்த்தை. போயிட்டு வரேன்னு வாய்விட்டுச் சொல்லு. முதலாளிகிட்ட நானே பேசறேன்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது மட்டும் வேண்டாம்க்கா. வேலை நிரந்தரமானாத்தான் அவளை இங்க கூப்பிட்டுக்க சர்க்கார்ல விடுவாங்க. அவ வர்ற வரைக்கும் அந்த வார்த்தையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எவடா அவ?"

"என் பொண்ணு. அன்னைக்கு அவகிட்ட 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்... இன்னும் வாசல்லயே நிக்கிறாளாம்."