டீ டைமில் ஓர் ஆய்வேடு

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி வாசலில் டீ டைம். செக்கிங்கில் பனியன்களின் பிசிறு நறுக்கும் பழனியம்மாளின் மடியில், மகள் தமிழ்மதி பைண்டிங் கடையிலிருந்து நேராகக் கொண்டுவந்த எம்.ஏ. ஆய்வேடு இருக்கிறது. அட்டையின் பொன்னெழுத்துகள் சாயங்கால வெயிலை வாங்கி அவள் தாடையில் வீசுகின்றன. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பனியனைப் பார்ப்பதுபோலவே முன்பக்கம், பின்பக்கம், ஓரத் தையல் என்று புரட்டிப் பார்க்கிறாள். ஆய்வேட்டின் முதுகிலிருந்து ஒரு பச்சை நாடா தொங்குகிறது. விரலில் மாட்டியிருக்கும் சின்னக் கத்தரி பழக்கத்தில் எழுந்து அதை நறுக்கிவிடுகிறது. "அது பிசிறு இல்லீங்கம்மா. பக்கத்துக்கு அடையாளம் வெக்கற நாடா," என்கிறாள் தமிழ்மதி. பழனியம்மாள் துண்டு நாடாவை உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். "இத்தன பக்கம் என்னத்த கண்ணு எழுதுன?" "யாரும் கேக்காத ஒரு கேள்விய எடுத்துட்டு, ஆளுகளத் தேடிப் போய்க் கேட்டு, அவங்க சொன்னத வெச்சு ஒரு முடிவு சொல்லோணும். அதுதானுங்கம்மா ஆய்வேடு." "நீ என்ன கேட்ட?" "கம்பெனிக்கு வர்ற பொம்பளைங்க, வராம இருந்திருந்தா என்னவா ஆகோணும்னு ஆசப்பட்டாங்கன்னு." பழனியம்மாளின் முன்முடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அவள் பொன்னெழுத்தை விரலால் தடவுகிறாள். "கேட்டா சொல்றாங்களா?" "ம். சில பேரு அழுதுட்டாங்க." உள்ளே பெல் அடிக்கிறது, மெஷின்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்குகின்றன. குடிக்காத டீயில் ஆடை படிந்திருக்கிறது. அவள் நாடாத் துண்டை ஏதோ இரண்டு பக்கங்களுக்கு நடுவில் வைத்து, மூடி, மகளிடம் நீட்டுகிறாள். "எங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல, சாமி."