கொலம்பசுக்கு மூன்றாவது தீர்ப்பு

ராயபுரம் மாதாகோயில் மண்டபத்தில் மாலை வெயில் நீலக் கண்ணாடிச் சன்னல் வழியாக வந்து வெற்றிக் கோப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'கொலம்பஸ் பயணம் வெற்றியா, தோல்வியா?' என்ற பட்டிமன்றத்துக்கு நடுவர்கள் மூவர். தலைமையாசிரியர் தோல்வி என்றுவிட்டார். துறைமுக அதிகாரி, அமெரிக்காவைத் தாமே பெற்றுப் பேர் வைத்த தோரணையில், வெற்றி என்றுவிட்டார். மிச்சம் இருப்பவர் இழுவைப்படகுச் சுக்கானி லூயிஸ். விருந்தினருக்கு மாலை போட அழைத்து, மூன்றாம் நடுவர் நாற்காலி காலியாக இருக்கவே உட்கார வைத்த ஆள். அவர் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் திங்கட்கிழமை இதே அதிகாரியின் கையெழுத்துக்குப் போகிறது. அதிகாரி தம் தங்கமூடிப் பேனாவையே நீட்டுகிறார். "வெற்றின்னு போடுப்பா." லூயிஸ் மூடியைத் திருகுகிறார். "நீயே சொல்லு சார். நான் காசிமேட்டுக்குன்னு கெளம்பி, எண்ணூர்ல போயி சொருவிகினு, இதான் காசிமேடுன்னு சாவற வரைக்கும் சாதிச்சா, கோப்பையா குடுப்பே? சுக்கானைப் புடுங்கிகினு வூட்டுக்கு அனுப்ச்சிட மாட்டே?" பின்வரிசைப் படகுக்காரர்களிடமிருந்து ஒரு விசில் பறக்கிறது. அதிகாரியின் சிரிப்பு பல்லோடு நின்றுவிடுகிறது. "திங்கக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்." "கீது சார்." தீர்ப்புத் தாளில் 'தோல்வி' என்று எழுத்துக்கூட்டி, அழுத்தி எழுதுகிறார் லூயிஸ். மை காய ஊதுகிறார். பிறகு பேனாவை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தருகிறார். "இந்தா சார், பத்திரமா வச்சிக்கோ. திங்கக்கிழமை உனக்கு வேணுமில்ல."