பலகைச் சுவரில் ஒரு விரிசல்

அணிலார் குடியிருந்த பலகை வீட்டில் சுவர் விரிசல் விட்டு, சாரல் நேரே படுக்கையில் அடித்தது.

“என்னங்க, பிசின் வச்சு அடைங்களேன்! பிள்ளைங்க தும்முதுங்க” என்றாள் அணிலம்மா.

“நாளைக்குப் பார்ப்போம்” என்றார் அணிலார். விரிசலில் காதை வைத்தால், எதிர்மரத்து மைனாக்களின் சண்டை அட்சரம் பிசகாமல் கேட்கும். அதை அடைக்க மனசு வருமா?

பொறுத்துப் பார்த்த அணிலம்மா தானே அடைத்துவிட்டாள். அன்று அணிலாருக்குக் கொய்யாப்பழம்கூட இறங்கவில்லை. மறுநாள் அவள் வெளியே போனதும், பிசினைப் பல்லால் கரகரவென்று சுரண்டினார். விரிசல் திறந்த நேரம் பார்த்து அவள் திரும்பி வந்து நின்றாள்.

அணிலார் மீசையில் ஒட்டிய பிசினை அவசரமாகத் துடைத்தார். “பலகை உறுதியா இருக்கான்னு பார்த்தேன்…”

“கொஞ்சம் தள்ளுங்க” என்று அவள் விரிசலில் காதை வைத்தாள். “கோவிச்சுக்கிட்டுப் போன மைனா திரும்பி வந்துட்டாளா?”