வாளியை உதைத்த தாத்தா

ருவாண்டாவின் கிகாலி நகரப் பள்ளிகளில் பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்த புதுசு. கடைசி பெஞ்சில் பள்ளி இன்ஸ்பெக்டர் ருகீரா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியை முகாசினே ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"டீச்சர், தாத்தா 'கிக்ட் த பக்கெட்'னு, அதாவது வாளியை உதைச்சாருன்னு இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கு. அதுக்கு ஏன் வீடே அழுவுது?" என்றாள் மாணவி கேஸா.

முகாசினேவுக்கும் அதே சந்தேகம்தான். "தெரியலைம்மா. நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் வேகவேகமாக எழுதினார். வேலை போச்சு என்று நினைத்தாள்.

மணி அடித்ததும் அவளைத் தனியே மடக்கினார்.

"வயித்துல பாலை வார்த்தீங்க மேடம்!"

"நானா சார்?"

"பதில் தெரியலைன்னா வந்த விருந்தாளியைக் கேட்கிறதுதானே நம்ம ஊர் மரியாதை? என்னைக் கேட்டுடுவீங்களோன்னு எழுதுற மாதிரி குனிஞ்சே கிடந்தேன். ஆமா, அந்தத் தாத்தாவுக்கு என்னதான் ஆச்சு?"