பக்தி நீக்கம்

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஜெசிந்தாவும் இளவழகனும் மருத்துவமனைக்குப் போய்ப் பக்தியை எடுத்துவிட்டு வந்தார்கள். அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். அவன் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன். பிறக்கும் குழந்தை எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று சண்டை வரக்கூடாதென இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. தனித்தனி அறை; அரைமணி நேர வேலை.

ஆறு வருடம் சண்டையில்லாமல்தான் போனது. போன மாதம் ஜெசிந்தாவின் அம்மாவை அடக்கம் செய்தபோது எல்லோரும் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். அவளுக்கு ஜெபத்தின் வரிகளெல்லாம் நினைவிருந்தன. அம்மா எங்கோ நலமாக இருப்பாள் என்ற நம்பிக்கைதான் வரவில்லை. குழியில் விழுந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு அவளுக்குச் செருப்பு வாங்கப் போனவள், கடைத்தெரு முருகன் கோயிலில் இளவழகனைப் பார்த்தாள். கைகூப்பி, கண்ணீர் வழிய நின்றிருந்தான்.

அவன் வெளியே வந்ததும், "திரும்ப வந்துருச்சா?" என்று ஆசையோடு கேட்டாள்.

அவன் தலைகுனிந்தான். "போகவே இல்ல, ஜெசி. அன்னைக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடியே பயந்து எந்திரிச்சு வந்துட்டேன்."

"நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தப்பவா?"

"ஆமா. சொல்ல வாய் வரல. ஆனா தினமும் உனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன்."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபி இருந்தது. பழைய ஜெசிந்தா என்றால் அங்கே விழுந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதிருப்பாள். இவள் அதைத் தாண்டிப் போய், வெயிலில் பேருந்துக்காக நின்றாள்.