ஏழாவது பாத்தி

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி தங்கமணி, என் தம்பி அய்யப்பன், அவன் மருமகள் சுபஸ்ரீ, அவள் கையிலிருந்த போனுக்குள் என் மகள் செந்தமிழ்ச்செல்வி.

மகளுக்குப் பக்கத்தில் சிறை அதிகாரி ஒருவரும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை.

செல்வி கடல் தாண்டிப் பள்ளிக்கூட ஆசிரியையாகப் போனவள். அங்கே சிலர் ஒரு ஞானியின் வாக்குகளை மறைவாக ஓதிவந்தார்கள். இவளும் அவர்களில் ஒருத்தியானாள். அந்த வாக்குகளைத் தமிழில் எழுதினாள். அந்த நாட்டில் இரண்டுமே குற்றம். நான்கு ஆண்டு சிறை.

எழுதியதையெல்லாம் எரித்துவிட்டார்கள். சிறைக்குள் மறுபடி ஒரு வரி எழுதினாலும் இன்னும் நான்கு ஆண்டு என்றார்கள்.

அவள் போன வழி எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குலதெய்வம் கல்வராயன் மலைமேல் இருக்கிறது. எங்களுக்கு அது போதும். ஆனால், திருடியோ ஏமாற்றியோ உள்ளே போனவள் இல்லை என்று எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் நிமிர்ந்தே பதில் சொன்னேன்.

மாதம் ஒரு கடிதத்துக்கு அனுமதி. அவள் விவசாயம் எழுதினாள். நானும் விவசாயமே பதில் எழுதினேன்.

முந்தின மாதக் கடிதத்தின் நகல் அன்று அதிகாரியின் கையில் இருந்தது. தமிழ் தெரிந்தவர் அதை வாங்கி வாசித்தார்.

"'களையைப் பறிக்காதீர்கள் அப்பா. அழைக்காமல் வந்த விருந்தாளி அது. மடையை அடைக்காதீர்கள். பக்கத்து வயலின் தாகமும் உங்கள் தாகம்தான்.' ஐயா, உங்கள் மகள் எழுதுகிறபடிதான் பயிர் செய்கிறீர்களா?"

அய்யப்பன் முந்திக்கொண்டான். "களை எடுக்காம எவன்ணே வுடுவான்? கரும்பு இன்னாத்துக்கு..."

தங்கமணி அவன் காலை மிதித்தாள்.

செல்வி இளைத்திருந்தாள். பின்னலை மட்டும் அவள் அம்மா போட்டுவிடுவதுபோல் இறுக்கமாகப் போட்டிருந்தாள். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பொய் சொன்னவர் கிடையாது. எல்லைத் தகராறில், சொந்த நிலம் போகும் என்று தெரிந்தும் என் அப்பா உண்மையைச் சொன்னார். நிலம் போனது.

துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எம் பொண்ணு சொன்னா சொன்னதுதாங்க. ரெண்டு வருசமா களையில கை வெக்கல. வெள்ளாமை ஜாஸ்திதான், கம்மி இல்ல. வேணும்னா வந்து பாத்துக்குங்க."

அது தன் மொழியில் போய்ச் சேர்ந்ததும் அதிகாரி சிரித்தார். கிழவனுக்குப் பெண்மேல் இருக்கிற பைத்தியம் என்று நினைத்திருப்பார். கடிதத்தை மடித்து வைத்தார்.

"சாப்ட்டியாப்பா?" என்றாள் செல்வி. அதோடு போன் நின்றுவிட்டது.

"அண்ணே, நேத்துதான ஒன் கொல்லையில களை எடுத்து முடிச்ச? நானே பாத்துகினு இருந்தேனே. இன்னா ஆச்சு ஒனக்கு?" என்றான் அய்யப்பன்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

செல்வி இப்போது வீட்டில் இருக்கிறாள். அந்தப் பயிர்ப்பேச்சுதான் ஞானியின் வாக்குகள் என்பது, கடிதங்கள் நூலாக அச்சான பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

"சுப்புராயன் பாவம், இன்னான்னே தெரியாம அத்தினி கடுதாசியையும் பொட்டியில வெச்சிகினு இருந்தாரு" என்று என்னைப்பற்றி மணலூர்பேட்டை வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. இரண்டாவது கடிதத்திலேயே எனக்குத் தெரியும். 'ஏழாவது பாத்தி கோணலாக வந்திருக்கிறது, பிரித்துக் கட்டினால் தேவலை' என்று அவளுக்கு எழுதியவன் நான். அடுத்த கடிதத்தில் அந்த ஏழாவது வரியைத் திருத்தி அனுப்பினாள்.